தன்னாட்சி வந்தால் தரம் வருமா? காரைக்குடி காட்டும் இரண்டு பக்கங்கள்

காரைக்குடி என்றதும் செட்டிநாட்டுச் சமையலும் பெரிய பெரிய வீடுகளும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது வள்ளல் அழகப்பச் செட்டியார் விதைத்த கல்வி.

1947-ல் அவர் தொடங்கிய கலைக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கியது. என்ன பாடம், எப்போது தேர்வு என்பதெல்லாம் சென்னையில் முடிவாகும். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் பிறந்த பிறகுதான், அந்த முடிவை எடுக்கும் இடமாகக் காரைக்குடியே ஆனது.

அடுத்த திருப்பம் 2018 மார்ச்சில். யுஜிசி 60 உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கூடுதல் தன்னாட்சி அளித்தது. 'நாக்' மதிப்பீட்டில் 4-க்கு 3.64 புள்ளிகள் பெற்றிருந்த அழகப்பா பல்கலைக்கழகம், அதில் முதல் பிரிவிலேயே இடம்பிடித்தது.

இதனால் என்ன லாபம்? புதிய படிப்பு தொடங்க யுஜிசி அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டுப் பேராசிரியர்களை அழைத்து வரலாம். வேலைச் சந்தை மாறும்போது பாடத்திட்டத்தையும் உடனே மாற்றலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. புதிய படிப்புக்கு அரசிடம் பணம் கேட்கக் கூடாது. அப்படியென்றால் அது சுயநிதிப் படிப்புதான். செலவு கடைசியில் மாணவர் கட்டணத்தில்தான் வந்து விழும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் வானம் பார்த்த பூமியை நம்பியிருக்கும் குடும்பத்தில், முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

இன்னொன்று, சுதந்திரம் மட்டுமே தரத்தைக் கொண்டுவந்துவிடாது. தமிழகத்தில் 1978-லேயே சென்னை லயோலா, மதுரை அமெரிக்கன் போன்ற கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. பாடம் நடத்துபவரே வினாத்தாள் தயாரித்து, அவரே திருத்தவும் செய்தால், நேர்மையான ஆசிரியரிடம் தரம் கூடும். மற்றவரிடம் மதிப்பெண் மட்டும்தான் கூடும். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் காலியாக இருந்தால், எந்தத் தன்னாட்சியாலும் வகுப்பு நடத்த முடியாது. துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி நீடித்தால், முடிவெடுக்க வேண்டிய நாற்காலியே காலியாகிவிடும்.

எனவே பெற்றோர்களே, 'தன்னாட்சி' என்ற பலகையைப் பார்த்ததும் விண்ணப்பத்தை வாங்கிவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா? துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? விடைத்தாளை வெளியாட்களும் திருத்துகிறார்களா?

இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், தாராளமாகச் சேர்க்கலாம்.