தரையில் விரித்த ஓர் ஊர்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் 1994 டிசம்பரில் திறக்கப்பட்டது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். அங்கே மன்னர் வாளும் பொற்காசும் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். தரையை அடைத்துக்கொண்டு, இடிக்கப்பட்ட டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வட்டாரத்தின் தெரு வரைபடம் கிடக்கிறது. குனிந்து பார்த்தால், வீடு இருந்த இடத்தில் அந்த வீட்டுக்காரரே கைப்பட எழுதிய குடும்பப் பெயர் தெரிகிறது. பக்கத்தில் உயரத்திலிருந்து அடுக்கடுக்காகத் தொங்குகின்றன பழைய தெருப்பலகைகள். இடிபாடுகளோடு குப்பையாகியிருக்க வேண்டிய அவற்றை, இடிப்பு வேலையைக் கவனித்த ஒருவரே பல ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஒரு வட்டாரத்துக்கு நேர்ந்த அநீதியை நிரூபிக்க இவையே போதும் என்பேன்.

1867-இல் நகரின் ஆறாவது வட்டாரமாகப் பெயர் பெற்ற டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் சந்ததியாரும் தொழிலாளரும் வணிகரும் கலந்து வாழ்ந்தார்கள். 1966 பிப்ரவரி 11 அன்று, 1950-இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் அது வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்துக்குள் 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து தமிழர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியதும் இதே சட்டம்தான். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை அகற்ற, நெரிசல், குற்றம், சுகாதாரக் கேடு என்று அரசு காரணம் சொன்னது. நெரிசல் இருந்தது உண்மை. ஆனால் அதைத் தீர்ப்பதுதான் நோக்கமென்றால், பழுதான வீடுகளைச் செப்பனிட்டு அதே மக்களை அங்கேயே குடிவைத்திருக்கலாமே? வீடுகளைப் புல்டோசரால் தகர்த்தார்கள், பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த நிலத்தின் பெரும்பகுதி பிறகும் வெறுமையாகவே கிடந்தது. அரசின் வாதத்தை அந்த வெற்று மண்ணே பொய்யாக்குகிறது.

நினைவு நம்பத்தக்கதல்ல, இழந்த ஊரை எல்லோரும் அழகாகத்தான் சொல்வார்கள் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். தனி ஒருவரின் நினைவுக்கு அது பொருந்தும். இந்த வரைபடமோ பல கைகள் எழுதியது. ஒருவர் தன் வீட்டைத் தவறான மூலையில் குறித்தால், எதிர்வீட்டுக்காரர் திருத்திவிடுவார். அரசு ஆவணத்தைத் திருத்த அப்படி ஓர் அண்டைவீட்டார் இருந்ததில்லை. நிலத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை 1994-இன் சட்டம் தந்தபோது, இங்கே யார் எங்கே வாழ்ந்தார்கள் என்ற கேள்வி வெறும் ஏக்கமாக இல்லாமல் வழக்காகவே ஆனது. 2004 பிப்ரவரி 11 அன்று, முதலில் திரும்பிய முதியவர்கள் இருவர் நெல்சன் மண்டேலாவின் கையால் வீட்டுச் சாவி பெற்றார்கள். இருவருமே 80 வயதைத் தாண்டியிருந்தார்கள்.