விடை முன்பே எழுதப்பட்டதா?

ஊழ் என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. நடக்கவிருப்பது முன்னரே எழுதப்பட்டுவிட்டதா, நடக்கும்போதுதான் முடிவாகிறதா என்னும் வினாவை நம் முன்னோர் மனித வாழ்க்கையை நோக்கி எழுப்பினர். அதே வினாவை இருபதாம் நூற்றாண்டின் பௌதிக அறிஞர்கள் மிகச் சிறிய துகள்களை நோக்கி எழுப்பினர். வாழ்க்கையைப் பற்றிய வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. துகள்களைப் பற்றிய வினாவுக்கோ சோதனைக்கூடம் ஒரு விடை கூறியுள்ளது. அவ்விடை யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

மலேசியப் பள்ளிகளில் ஐந்தாம் படிவ மாணவர்கள் குவாண்டம் இயற்பியலை ஒரு பாடமாகப் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர், ‘பிணைந்த துகள்கள் தொலைவிலிருந்தே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமாமே!’ என்று ஆசிரியரை வினவக்கூடும். இதற்குத் தவறான விடை அளித்தால், பிறர் மனத்தைத் தொலைவிலிருந்தே அறியலாம் என்பன போன்ற கதைகளுக்கு விஞ்ஞானத்தின் பெயரால் இடங்கொடுத்தவர் ஆவோம். ஆகவே இதனைத் திருத்தமாக அறிதல் வேண்டும்.

பிணைவு என்பது யாது?

ஒரே மூலத்திலிருந்து இரண்டு ஒளித்துகள்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றின் வழியிலும் முனைவாக்கத் தகடு ஒன்றை வைக்கிறோம். துகள் தகட்டைக் கடந்து செல்லும், அல்லது தடுக்கப்படும். ஒரு துகளை மட்டும் பார்த்தால், நாணயத்தைச் சுண்டியது போலப் பாதி முறை கடக்கும், பாதி முறை தடைபடும். ஆயின், இரு தகடுகளும் ஒரே சாய்வில் இருந்தால், ஒரு துகள் கடக்கும்போது மற்றதும் கடக்கும். ஒன்று தடைபடும்போது மற்றதும் தடைபடும். இத்தகைய உறவையே பிணைவு என்கிறோம்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உடைத்த தேங்காயின் இரு மூடிகளையும் துணியில் சுற்றி, ஒன்றைப் பிரிக்பீல்ட்ஸிலும் மற்றொன்றைக் கிள்ளானிலும் வைத்ததாகக் கொள்வோம். பிரிக்பீல்ட்ஸில் துணியைப் பிரித்தவர் கண்ணுள்ள மூடியைக் கண்டால், கிள்ளானில் இருப்பது கண்ணில்லாத மூடி என்பதை அக்கணமே அறிவார். இதில் மாயம் ஏதுமில்லை. தேங்காய் உடைந்தபோதே அது முடிவாகிவிட்டது.

ஒளித்துகள்களும் பிறக்கும்போதே இவ்வாறு ஒரு குறிப்பை ஏந்தி வருகின்றனவா? அக்குறிப்பு நம் கண்ணுக்குப் புலனாகாமையால் அதனை ‘மறைமாறி’ என்பர். ஒரு துகளின் விடையை அது ஏந்திவரும் குறிப்பும் அது நிற்கும் இடத்திலுள்ள தகடுமே முடிவு செய்யும், தொலைவில் செய்யப்படுவது எதுவும் அக்கணமே அதனை மாற்றாது என்று கொண்டால், அஃது இடஞ்சார்ந்த மறைமாறி ஆகும்.

1935ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் குவாண்டம் கொள்கை முழுமையானதன்று என்று வாதிட்டனர். அவ்வாண்டிலேயே நீல்ஸ் போர் அதனை மறுத்து எழுதினார். சோதனையால் தீர்க்க இயலாத தருக்கம் என்றே பலர் இதனை ஒதுக்கி வைத்தனர். 1964இல் ஜான் பெல் என்னும் ஐரிஷ் அறிஞர், இதனை அளந்தே தீர்க்கலாம் என்று காட்டினார். 1969இல் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வரும் அதனைச் சோதனைக்கேற்ற வடிவில் அமைத்தனர். அதன் உட்கருத்தை ஒரு விளையாட்டாக விளக்கலாம்.

இரு மாணவர், இரு வினாக்கள்

ஒரு மாணவியைப் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு மாணவனைக் கிள்ளானிலும் அமர்த்துவோம். ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆசிரியர் நாணயம் சுண்டுகிறார். தலை விழுந்தால் முதல் வினா; பூ விழுந்தால் இரண்டாம் வினா. மாணவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே கூற வேண்டும். இருவருக்கும் இரண்டாம் வினாவே வந்தால், விடைகள் மாறுபட வேண்டும். மற்ற மூன்று நிலைகளிலும் விடைகள் ஒத்திருக்க வேண்டும். புறப்படுமுன் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கலந்து பேசிக்கொள்ளலாம், பிரிந்தபின் பேசக்கூடாது.

எல்லா நிலைகளிலும் வெல்ல வழியுண்டா? எழுதிப் பார்ப்போம். மாணவியின் முதல் விடை மாணவனின் இரு விடைகளோடும் ஒத்திருக்க வேண்டும். ஆகவே மாணவனின் இரு விடைகளும் ஒன்றே. மாணவியின் இரண்டாம் விடை மாணவனின் முதல் விடையோடு ஒத்திருக்க வேண்டும். அவ்வாறாயின் அது அவனுடைய இரண்டாம் விடையோடும் ஒத்துத்தான் தீரும். ஆனால் விதியோ அவை மாறுபட வேண்டும் என்கிறது. எனவே நான்கு நிலைகளில் மூன்றில் மட்டுமே வெல்லலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டாலும் சராசரி வெற்றி நூற்றுக்கு 75ஐத் தாண்டாது.

மாணவர்களின் இடத்தில் ஒளித்துகள்களை வைப்போம். வினாவுக்கு வினா தகட்டின் சாய்வு மாறும். மாணவியின் தகட்டை 0 அல்லது 45 பாகையிலும், மாணவனின் தகட்டை ஒரு பக்கம் 22.5 அல்லது மறுபக்கம் 22.5 பாகையிலும் வைக்க வேண்டும். அப்போது வெற்றி நூற்றுக்குச் சுமார் 85 என்று குவாண்டம் கொள்கை கணக்கிடுகிறது. விஞ்ஞானிகள் கையாளும் அளவையில் 75 என்பது 2 ஆகவும், 85 என்பது 2.828 ஆகவும் அமையும்.

சோதனை கூறியது

1972இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மனும் கிளாசரும், 1982இல் பிரான்சில் அஸ்பேயும் செய்த சோதனைகள் குவாண்டம் கொள்கைக்கே சான்று பகர்ந்தன. எனினும் ஐயம் எழுப்புவோருக்கு இரண்டு புழைகள் எஞ்சின. துகள்கள் தமக்குள் செய்தி அனுப்பியிருக்கலாம் என்பது ஒன்று. கருவிகளுக்குத் தப்பிய துகள்கள் கணக்கை மாற்றியிருக்கலாம் என்பது மற்றொன்று.

முதற் புழையை அடைப்பது எவ்வாறு? பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் இரு பக்கமும் நாணயம் சுண்டி விடையையும் பெற்றுவிட்டால், செய்தி போய்ச் சேர நேரமிராது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், எலெக்ட்ரான்களைக் கொண்டு, இவ்விரு புழைகளையும் ஒருசேர அடைத்துச் சோதித்தனர். வியன்னாவிலும் அமெரிக்காவிலும் அவ்வாண்டிலேயே அவ்வாறு சோதித்தனர். எல்லாவற்றிலும் பழைய எல்லை மீறப்பட்டது. 2022இல் அஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகியோர் நோபெல் பரிசு பெற்றனர்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் இவ்வாராய்ச்சி நிகழ்கிறது. அங்குள்ள குவாண்டம் தொழில்நுட்ப மையத்தின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட அளவீடு 2.827, குவாண்டம் கொள்கையின் உச்சவரம்பை அது தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கியது. 2019இல் விண்ணில் விடப்பட்ட அவர்களுடைய சிறு செயற்கைக்கோள், பிணைந்த ஒளித்துகள்களை அங்கேயே உண்டாக்கி, 2ஐத் தெளிவாகத் தாண்டிய அளவைக் காட்டியது.

கூறாதவை

இச்சோதனைகளைக் கொண்டு செய்தி அனுப்ப இயலாது. கிள்ளானில் இருப்பவர் தம் பட்டியலை மட்டும் பார்த்தால் பாதி ‘ஆம்’, பாதி ‘இல்லை’ என்பதையே காண்பார். இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால்தான் உறவு புலப்படும். அதற்குத் தொலைபேசியோ கடிதமோ வேண்டும். எல்லா வகை மறைமாறிகளும் மறுக்கப்பட்டுவிட்டன என்பதும் பிழை. டேவிட் போம் 1952இல் வகுத்த கொள்கையில் மறைமாறிகள் உண்டு, அவை இடஞ்சாராதவை. நாணயம் எப்படி விழும் என்பதே துகளின் குறிப்போடு முன்கூட்டிப் பொருந்தியிருந்தது என்று வாதிடுவோரும் சிலர் உளர். அதனை எந்தச் சோதனையாலும் முற்றாக மறுக்க இயலாது. ஆனால் அதனை ஏற்றால் எந்தச் சோதனையையும் நம்ப இயலாது.

இதனால் பயனும் உண்டு. முன்னரே எழுதப்படாத விடையை எவரும் முன்னரே திருடி வைத்திருக்க இயலாதன்றோ? இக்கருத்தின் மீது 1991இல் ஆர்தர் எக்கர்ட் இரகசியக் குறியீட்டு முறை ஒன்றை அமைத்தார். பின்னர் அவரே 2007இல் தொடங்கிய சிங்கப்பூர் மையத்தின் முதல் இயக்குநரானார்.

ஆகவே மாணவர் வினவினால் ஆசிரியர் இவ்வாறு கூறலாம்: துகள்கள் பேசிக்கொள்கின்றன என்பதற்குச் சான்றில்லை, பிரியும்போதே ஒவ்வொன்றும் தன் விடையை எழுதிக்கொண்டு வந்தது என்பதற்கோ எதிர்ச்சான்று உண்டு. மேலே கண்ட விளையாட்டுக்குக் கரும்பலகையும் இரண்டு நாணயங்களும் போதும். நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்ற மாணவர்களே முயலட்டும். நான்காவது நிபந்தனை முரண்படும் இடத்தில், பெல் கண்ட உண்மையை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.