வீட்டில் எல்லோருக்கும் தலையிடியா? ஷோடியேரையும் ஒருமுறை பாருங்கள்

பாரிசில் ஒக்டோபர் நடுப்பகுதியில் சோபாஜ் போடத் தொடங்குகிறோம். தடிமனும் கிறிப்பும் வீட்டுக்குள் வருவதும் அதே நாட்களில்தான். தலையிடி, களைப்பு, வயிற்றுப்பிரட்டல் என்றால் "குளிர் பிடித்துவிட்டது" என்று சொல்லி, ஒரு டொலிப்ரானைப் போட்டுக்கொண்டு, யன்னலை இறுக்கிப் பூட்டிவிட்டுப் படுத்துவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் அது குளிரால் வந்ததாகவே இருக்கும். ஆனால் சில வீடுகளில் அந்தத் தலையிடிக்குக் காரணம் குசினிச் சுவரில் தொங்கும் காஸ் ஷோடியேர். அப்படியான வீட்டில் யன்னலைப் பூட்டிவிட்டுப் படுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சோபாஜில் வரும் பழுதுகளில் பல, சூடு வராமற் போவதோடு நின்றுவிடும். ஒரு பழுது மட்டும் இயந்திரத்தில் தெரிவதற்கு முன்பே மனிதரின் உடம்பில் தெரியும். அதை எப்படி அடையாளம் காண்பது, மற்றப் பழுதுகளில் எதை நாமே பார்க்கலாம், எதற்குத் தொழில்நுட்பவியலாளரை அழைக்க வேண்டும் என்பதை இம்முறை பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

காஸ் முழுமையாக எரிவதற்குப் போதிய காற்று வேண்டும். காற்றுக் கிடைத்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகி, புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். காற்றுப் போதாவிட்டால், அல்லது புகைபோக்கி அடைபட்டால், காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகி அறைக்குள் தங்கும். பிரெஞ்சில் இதை 'மோனொக்சிட் து கார்போன்' என்பார்கள். இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ எரிப்பதுமில்லை. காஸ் கசிந்தால் மூக்கில் அடிக்கும் மணம், கசிவை அறிவதற்காகவே காசுடன் சேர்க்கப்படுவது. காபனோரொட்சைட்டுக்கு அந்த உதவி கிடையாது.

எமது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்வது ஈமோகுளோபின். அதனுடன் காபனோரொட்சைட்டு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தை இந்த வாயு பிடித்துக்கொள்வதை 1850களில் ஆராய்ந்து விளக்கியவர் பாரிசில் பணியாற்றிய உடற்றொழிலியல் அறிஞர் குளோட் பெர்னார். ஒட்சிசன் கிடைக்காதபோது முதலில் பாதிக்கப்படுவன மூளையும் இதயமும்.

பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா 1902ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி இறந்ததும் இந்த நஞ்சால்தான். லாச்சப்பலில் இருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், 9ஆம் வட்டாரத்தில் இருந்த அவரது வீட்டுப் படுக்கையறையில் கணப்பு மூட்டப்பட்டிருந்தது. புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை. கதவும் யன்னலும் பூட்டியிருந்தன. அதே அறையில் படுத்திருந்த அவரது மனைவி உயிர் தப்பினார். புகைபோக்கியை யாரோ வேண்டுமென்றே அடைத்தார்கள் என்ற ஐயமும் பின்னாளில் எழுந்தது. யார் அடைத்தாலும், எது அடைத்தாலும், உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான். பிரான்சில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3,000 பேர் இந்த வாயுவால் பாதிக்கப்படுவதாகவும், நூறு பேர் அளவில் இறப்பதாகவும் சுகாதாரத்துறை பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறது.

கிறிப்பா, காஸா? எப்படிப் பிரித்தறிவது?

பின்வரும் ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா? கிறிப் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஓரிரு நாள் இடைவெளியில் தொற்றும். ஒரே மாலையில் மூன்று பேருக்குத் தலையிடி என்றால் சந்தேகப்பட வேண்டும்.

2. வெளியே போனால் சுகமாகிறதா? வேலைக்கோ பள்ளிக்கோ போனபின் தலையிடி குறைந்து, வீடு திரும்பியதும் மீண்டும் வருகிறதென்றால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது.

3. காய்ச்சல் இருக்கிறதா? காபனோரொட்சைட்டால் தலையிடி, தலைச்சுற்று, சத்தி, கால் தளர்ச்சி வரும். பொதுவாகக் காய்ச்சலோ இருமலோ மூக்கொழுகலோ வராது.

4. யாருக்குக் கூடுதலாக இருக்கிறது? உணவகத்தில் வேலை செய்யும் தகப்பன் நள்ளிரவில்தான் வீட்டுக்கு வருவார். பகல் முழுதும் வீட்டில் இருப்பவர்கள் அம்மம்மாவும், கைக்குழந்தையும், தாயும்தான். அவர்களுக்கே கூடுதலாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் இருந்தால் அதை முக்கியமான அறிகுறியாக எடுங்கள்.

5. சோபாஜ் ஓடும்போதோ, நீண்டநேரம் சுடுதண்ணீரில் குளிக்கும்போதோ கூடுகிறதா?

இவற்றில் இரண்டு மூன்றுக்கு 'ஆம்' என்றால் காத்திருக்க வேண்டாம். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை நம்பவும் வேண்டாம். காபனோரொட்சைட்டு பிணைந்த இரத்தத்தையும் ஒட்சிசன் உள்ள இரத்தமாகவே அது கணக்கிடும். உடம்பு நஞ்சேறியிருக்கும்போதும் 98 என்று காட்டக்கூடும். கர்ப்பிணிப் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாய்க்கு இலேசான தலையிடியாக இருக்கும்போதே வயிற்றிலுள்ள பிள்ளைக்குப் பாதிப்பு ஏற்படலாம்.

ஷோடியேரில் தெரியும் அடையாளங்கள்

சுவாலையைப் பார்க்கக்கூடிய பழைய ஷோடியேர் என்றால், அது நீலமாக, அசையாமல் எரிய வேண்டும். மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஆடி எரிந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். ஷோடியேரின் மேற்பக்கத்திலோ சுவரிலோ கரி படிவது, குசினி யன்னலில் வழமைக்கு மாறாக நீர் முத்து முத்தாகப் பிடிப்பது, சிறு சுவாலை அடிக்கடி அணைந்துபோவது ஆகியனவும் எச்சரிக்கைகளே. அணைந்ததைத் திரும்பத் திரும்ப மூட்டாதீர்கள். ஏதோ சரியில்லை என்பதாலேயே பாதுகாப்புப் பொறி அதை அணைக்கிறது.

பழைய பாரிஸ் குசினிகளில் புகைபோக்கியுடன் இணைக்கப்படாத சிறிய காஸ் தண்ணீர்ச் சூடாக்கிகள் சில இன்னும் இருக்கின்றன. அவை ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள் பாத்திரம் கழுவ மட்டுமே. அதிலிருந்து குழாய் இழுத்துக் குளிப்பது மிகவும் ஆபத்தானது.

காற்றை நாமே அடைக்கிறோமா?

குசினிக் கதவின் கீழும், சுவரின் மேலும் கீழும் சிறு துவாரங்கள் இருக்கும். குளிர்காற்று வருகிறது என்று அவற்றைத் துணியாலும் ஒட்டுநாடாவாலும் அடைத்துவிடுகிறோம். அறையின் காற்றை எடுத்து எரியும் ஷோடியேருக்கு அந்தத் துவாரங்கள்தான் மூக்கு. 'வே எம் சே' எனப்படும் காற்றோட்டப் பொறியை மின்சாரம் மிச்சம் பிடிக்க நிறுத்துவதும் அதே தவறு. அதை நிறுத்தினால் சுவரில் பூஞ்சணமும் பிடிக்கும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது இன்னொரு துன்பம்.

மிளகாய்ப் புகைக்கும் பொரியல் மணத்துக்கும் அடுப்பின் மேல் விசிறியுள்ள புகை இழுப்பான் பூட்டுவோரும் உண்டு. புகைபோக்கியுடன் இணைந்த ஷோடியேர் அதே குசினியில் இருந்தால், வெளியே காற்றைத் தள்ளும் அந்த விசிறி, ஷோடியேரின் புகையை மேலே போக விடாமல் அறைக்குள் இழுக்கக்கூடும். பூட்டுவதற்கு முன் ஷோடியேர்த் தொழில்நுட்பவியலாளரைக் கேளுங்கள். வெளிச்சுவர் வழியாகவே காற்றை எடுத்துப் புகையை விடும் 'வோந்தூஸ்' வகை ஷோடியேருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கோடையிலும் இதே கணக்குத்தான். 2019 யூலை 25இல் பாரிசில் 42.6 பாகை வெப்பம் பதிவானது. அவ்வாறான வெயிலுக்காக, தடித்த குழாயை யன்னலுக்கு வெளியே விடும் நகர்த்தக்கூடிய குளிரூட்டியை வாங்குகிறோம். அது அறைக் காற்றையே வெளியே தள்ளுகிறது. அந்த நேரம் சுடுதண்ணீருக்காக ஷோடியேர் எரிந்தால் புகை உள்ளே திரும்பலாம். இந்தக் குளிரூட்டி நன்றாகக் குளிரவில்லை என்றால், முதலில் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா, குழாயைச் சுற்றி யன்னல் இடைவெளியால் சூடு திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ பல்கணியை மூடிவிட்டோ ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். பிள்ளை பெற்ற தாய்க்கும் குழந்தைக்கும் தணற்சட்டியில் சாம்பிராணி போட்டுத் தலைக்குப் புகை பிடிக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. ஊரில் அது காற்றோட்டமான வீட்டில் நடந்தது. 20 சதுர மீற்றர் அறையில், பூட்டிய யன்னலுக்குள் தணற்சட்டி வைப்பது தாய்க்கும் சேய்க்கும் நஞ்சு.

சூடு வரவில்லையா? பயப்படாத பழுதுகள்

மேலே சொன்ன அடையாளம் எதுவும் இல்லாமல் வீடு மட்டும் குளிர்கிறதென்றால், றடியேற்றரைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

மேலே குளிர், கீழே சூடு: உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. சோபாஜை நிறுத்தி, றடியேற்றர் ஆறியபின், பக்கத்திலுள்ள சிறு திருகாணியைத் திறப்பால் மெதுவாகத் திறவுங்கள். கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். காற்றுப் போய்த் தண்ணீர் சீராக வந்ததும் பூட்டிவிடுங்கள். கட்டடம் முழுவதற்கும் பொதுவான சோபாஜ் என்றால் முதலில் கார்டியனிடம் சொல்லுங்கள்.

மேலே சூடு, கீழே குளிர்: குழாயில் சேறு படிந்திருக்கிறது. இது தொழில்நுட்பவியலாளரின் வேலை.

ஒன்று மட்டும் குளிர்: வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் உள்ளே இருக்கும் ஊசி, கோடை முழுதும் அசையாமல் இறுகியிருக்கலாம். றடியேற்றரின் முன்னால் கதிரையும் திரைச்சீலையும் மறைத்திருந்தாலும் சூடு அறைக்குள் வராது.

எல்லாமே குளிர்: ஷோடியேரிலுள்ள அழுத்தமானியைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பும் குழாயைத் திறந்து கூட்டலாம். ஒவ்வொரு கிழமையும் குறைகிறதென்றால் எங்கோ நீர் ஒழுகுகிறது, அல்லது விரிவுக்கலம் பழுது. ஆளை அழைக்க வேண்டும்.

சோபாஜ் பழுதான நாட்களில் மின்சார ஹீற்றரை நாடுவோம். 2,000 வாட் ஹீற்றர் ஒன்று ஏறக்குறைய 9 அம்பியர் எடுக்கும். 16 அம்பியர் நீட்டிப்புச் செருகியில் இரண்டைப் போட்டால் எல்லை தாண்டிவிடும். வயர் உருகித் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றையும் சுவர்ச் செருகியில் நேரடியாகப் போடுங்கள். காஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்க வேண்டாம்.

யார் பொறுப்பு?

2009ஆம் ஆண்டின் சட்டவிதிப்படி, வீட்டு ஷோடியேரை ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு பார்க்க வேண்டும். தனி ஷோடியேர் உள்ள வாடகை வீட்டில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், இது குடியிருப்பவரின் பொறுப்பு. பழுதாகிப்போன ஷோடியேரை மாற்றுவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. வருபவர் காபனோரொட்சைட்டின் அளவையும் அளக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றில் அது 50 பிபிஎம் அளவை எட்டினால் ஷோடியேரை உடனே நிறுத்த வேண்டும். 15 நாட்களுக்குள் தரப்படும் சான்றிதழை இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். புகைபோக்கியையும் ஆண்டுதோறும் துப்புரவு செய்விக்க வேண்டும். உரிமையாளர் திருத்த மறுத்தால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 'அடில் 75' அமைப்பில் இலவசச் சட்ட ஆலோசனை பெறலாம். வாடகைப் பத்திரம் இல்லையே, விசா இல்லையே என்று அஞ்சி நஞ்சைச் சுவாசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். அவசர மருத்துவ உதவிக்கு அழைக்க எந்தப் பத்திரமும் தேவையில்லை.

2015 மார்ச் முதல் எல்லா வீடுகளிலும் கட்டாயமான புகை அறிவிப்பான் காபனோரொட்சைட்டை அறியாது. அதற்கெனத் தனிக் கருவி உண்டு. EN என்ற ஐரோப்பியத் தர அடையாளத்துடன் 50291 என்ற இலக்கம் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். அது ஆண்டுப் பராமரிப்புக்கு மாற்றாகாது.

சந்தேகம் வந்தால் உடனே செய்ய வேண்டியவை

1. யன்னல், கதவுகளை அகலத் திறவுங்கள்.
2. முடிந்தால் ஷோடியேரையும் அடுப்பையும் நிறுத்துங்கள்.
3. எல்லோரையும் வெளியே கூட்டிச் செல்லுங்கள். நித்திரையில் இருப்பவரை எழுப்புங்கள். 'பாவம், படுக்கட்டும்' என்று விடாதீர்கள்.
4. வெளியிலிருந்து 15, 18 அல்லது 112 இலக்கத்தை அழையுங்கள். 'மோனொக்சிட் து கார்போன்' என்ற சொல்லைச் சொன்னாலே அவர்களுக்குப் புரியும்.
5. தீயணைப்புப் படையினரோ தொழில்நுட்பவியலாளரோ சொல்லும்வரை உள்ளே போக வேண்டாம்.

வெளியே வந்ததும் சுகமாகிவிட்டது என்று வைத்தியசாலைக்குப் போகாமல் விடாதீர்கள். நேரம் போகப் போக இரத்தத்தில் அடையாளம் குறையும். ஆனால் ஞாபகமறதி போன்ற பாதிப்புகள் சில கிழமைகள் கழித்தும் தலைகாட்டலாம். நச்சுகள் பற்றிய கேள்விகளுக்கு பாரிஸ் நச்சுத்தடுப்பு மையத்தை 01 40 05 48 48 இலக்கத்தில் இரவும் பகலும் அழைக்கலாம். காஸ் மணந்தால் மின்விளக்கைப் போடாமல் வெளியே வந்து 0 800 47 33 33 என்ற இலவச இலக்கத்தை அழையுங்கள்.

இந்த இலக்கங்களை எழுதிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். பிரெஞ்சு தெரிந்த பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வீட்டில் தனியே இருக்கும் அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பழக்குங்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் குசினிச் சுவர்த் துவாரத்தில் ஏதும் அடைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.