பிளவுபட்ட தண்டுவடம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் பச்சிளங்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுதல் வழக்கம். அப்பொழுது முதுகின் நடுக்கோட்டில் மயிர்க்கற்றை தென்படுமாயின், அதனைப் புறக்கணித்தல் கூடாது. பிளவுபட்ட தண்டுவடம் என்னும் அரிய பிறவிக் குறைபாட்டின் வெளி அடையாளமாக அது இருக்கக்கூடும்.

கருவளர்ச்சியின் தொடக்க வாரங்களிலேயே இக்குறைபாட்டில் தண்டுவடம் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பிரிவுகளுக்கிடையே சிலருக்கு எலும்பு முள்ளும், சிலருக்கு நார்த்திசுவும் அமைகின்றன. 1992-இல் பாங் என்னும் அறுவை மருத்துவர் இத்தடுப்பையும் தண்டுவட உறையையும் கொண்டு இதனை இரு வகைகளாகப் பகுத்தார்.

குழந்தை வளருங்கால் முதுகெலும்பு தண்டுவடத்தைக் காட்டிலும் விரைவாக நீளுகிறது. தடுப்பிற் சிக்கிய தண்டுவடம் இழுபட்டு நலிகிறது. அதனால் பாதம் கோணுதல், ஒரு கால் மெலிதல், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைதல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன தோன்றலாம்.

எம்.ஆர்.ஐ. படம் இதனைத் தெளிவாகக் காட்டும். தடுப்பை நீக்கித் தண்டுவடத்தை விடுவிக்கும் அறுவை சிகிச்சையால் மேலும் நலிவுறாமல் பெரும்பாலும் காக்கலாம். ஆயின் இழந்த வலிமை முற்றிலும் மீளுமென உறுதி கூறுதற்கில்லை. ஆகவே காலந்தாழ்த்தலாகாது.

அடையாளத்தைக் கண்டவுடன் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் காட்டுதல் நலம். நரம்பியல் அறுவைக்குத் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் அண்மையிலேயே உள்ளது.