மறுநாளும் வருகிறவருக்கான சோறு

சென்னையிலிருந்து காலை எட்டு மணி அளவில் புறப்படும் பேருந்து, செங்கற்பட்டையும் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி உளுந்தூர்பேட்டையை அணுகும்போது உச்சிப்பொழுதாகிவிடுகிறது. தெற்கே திருச்சிக்கும் மேற்கே சேலத்துக்குமாகச் சாலை பிரிகின்ற இடம் இது. பிரயாணிக்குப் பசி எடுக்கின்ற வேளையும், வண்டி ஓட்டுகிறவருக்குக் கால் மரத்துப்போகின்ற வேளையும், பாதை இரண்டாகின்ற இடமும் ஒருங்கே வந்து பொருந்தியிருப்பதால், சோறு விற்பது இவ்வூருக்கு இயல்பாகவே அமைந்த தொழில்களுள் ஒன்றாயிற்று. ஆனால் உளுந்தூர்பேட்டையில் கிடைக்கும் மதியச் சாப்பாடு ஒரே தன்மையது அன்று. அதில் இரண்டு ஜாதி உண்டு.

நான்கு வழிச் சாலை ஊருக்குள் நுழையாமல் புறத்தே விலகிச் செல்லத் தொடங்கியபின், அதன் இரு மருங்கிலும் விசாலமான வாகன நிறுத்தங்களோடும் கண்ணாடிக் கதவுகளோடும் எழுந்திருக்கின்ற பெரிய உணவகங்களில் கிடைப்பது ஒன்று. பேருந்து நிலையத்தையும் தாலுகா அலுவலகத்தையும் சுற்றிய தெருக்களில், வாசலில் 'மீல்ஸ் ரெடி' என்ற தகரப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, எட்டோ பத்தோ மேஜைகளோடு நடக்கின்ற மெஸ்களில் கிடைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அற்பம். அரிசியும் பருப்பும் இரண்டு இடங்களுக்கும் ஏறக்குறைய ஒரே சந்தையிலிருந்துதான் வருகின்றன. இருந்தும் விலையிலும் ருசியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக உபசாரத்திலும், இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல முறை உண்டு பார்த்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வாடகையும் விளக்கும் மட்டும் என்று நான் கருதவில்லை. நெடுஞ்சாலை உணவகத்தில் இலைக்கு முன் அமர்கிறவர் இன்னும் இருபது நிமிஷத்தில் போய்விடுவார். அவரை அக்கடைக்காரர் மீண்டும் காண்பது நிச்சயமில்லை. ஊருக்குள் இருக்கும் மெஸ்ஸில் உண்கிறவரோ நாளையும் வருவார், நாளை மறுநாளும் வருவார். இன்று சாம்பார் நீர்த்திருந்தால் நாளை எதிர்க்கடைக்குப் போவார். மறுநாளும் வருகிறவருக்காகச் சமைக்கப்படுகிற சோற்றில் நியாய விலை தானாகவே குடிகொள்கிறது என்பதும், அந்த நிர்ப்பந்தம் இல்லாத இடத்தில் அதை வேறு ஏற்பாட்டினால்தான் கொண்டுவர வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். சாலையோரத்தில் நேர்மையாகத் தொழில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று.

ஊருக்குள் அந்த மெஸ்களுக்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்தாலே அவற்றின் தர்மம் விளங்கிவிடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மல்லாட்டை, உளுந்து, எள் மூட்டைகளைக் கொண்டுவந்து, விலை படிவதற்காகக் காத்திருக்கின்ற குடியானவர்; பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்துவிட்டு, 'சாப்பாட்டு நேரம் முடிந்து வாருங்கள்' என்று சொல்லப்பட்டவர்; நீதிமன்றத்தில் வாய்தா வாங்கியவரும் அவருடன் துணைக்கு வந்த மைத்துனரும்; ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே நாளைக் கழிக்கின்ற பெண்கள்; வங்கி உத்தியோகஸ்தர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, கட்டட மேஸ்திரி, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து தனியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆசிரியர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, 2021-இல் உளுந்தூர்பேட்டை நகராட்சியாகவும் உயர்ந்த பிறகு, இத்தகைய காரியஸ்தர்களின் நடமாட்டம் ஊரில் அதிகரித்திருக்கிறதே அன்றிக் குறையவில்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவருவது சாத்தியமில்லை. ஒரு நாள் கூலியில் பாதியைச் சோற்றுக்குக் கொடுப்பதும் சாத்தியமில்லை.

அவர்களுக்கு அங்கே பரிமாறப்படுவது என்ன? இலையில் ஒரு பொரியல், ஒரு கூட்டு, ஊறுகாய், அப்பளம். ஆவி பறக்கும் புழுங்கலரிசிச் சோறு. சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர். அளவுச் சாப்பாடு என்றால் ஒரு கிண்ணச் சோற்றோடு சரி. முழுச் சாப்பாடு என்றால் போதும் என்று கை மறிக்கும்வரை சோறு வரும். அசைவ மெஸ்ஸாக இருந்தால் மீன் குழம்பும் கறிக் குழம்பும் சாப்பாட்டு விலைக்குள்ளேயே அடங்கிவிடும்; மீன் துண்டுக்கும் கறிக்கும் மட்டுந்தான் தனி விலை. கையில் காசு குறைவாக உள்ளவரும் குழம்பின் ருசியை அனுபவிக்கவும், வசதி உள்ளவர் வறுவலைச் சேர்த்துக்கொள்ளவும், இருவரும் ஒரே மேஜையில் முகம் கோணாமல் உண்ணவும் வழிசெய்த இந்த ஏற்பாட்டை வகுத்தவர் யாரோ, அவர் மனிதர்களின் மனத்தை நன்றாக அறிந்தவர். 'அண்ணே, ரசமா மோரா?' என்று கேட்டுக்கொண்டே வாளியோடு வருகிறவர், முகம் தெரிந்தவர்களிடம் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்பதில்லை.

இவ்வளவையும் இவ்வளவு சொற்ப விலைக்கு எப்படிக் கொடுக்க முடிகிறது என்பது ஆராயத்தக்க விஷயம். பெரிய ஓட்டலில் ஐம்பது பதார்த்தங்களின் பட்டியல் இருக்கும். மெஸ்ஸில் பட்டியலே கிடையாது. காலையில் சந்தையில் எந்தக் காய் மலிந்திருக்கிறதோ, கத்தரிக்காயோ முள்ளங்கியோ பூசணியோ, அதுவே அன்றைய பொரியலையும் கூட்டையும் நிர்ணயிக்கிறது. வருகிறவர்களின் எண்ணிக்கை பழக்கத்தினால் தெரிந்திருப்பதால், உலை அதற்கேற்ப வைக்கப்பட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடுகிறது. வீணாகும் சோறு மிகக் குறைவு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு கடைகள் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை என்பதும் ஓரளவு துணை செய்கிறது. எரிவாயுதான் பெரும் பாரம். வீட்டுச் சிலிண்டரை வியாபாரத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்பதால், 19 கிலோ கொண்ட வர்த்தகச் சிலிண்டரையே வாங்க வேண்டும். அதன் விலையோ மாதந்தோறும் முதல் தேதியில் மாறிக்கொண்டிருக்கிறது. விலையை ஐந்து ரூபாய் ஏற்றுவதற்கு மெஸ்காரர் ஆறு மாதம் யோசிப்பார்.

ஆனால் இந்த மலிவின் ரகசியத்தில், யாரும் கணக்கில் எழுதாத ஒரு பங்கு இருக்கிறது. விடியற்காலத்தில் எழுந்து, தேங்காய் துருவி, வெங்காயம் உரித்து, பருப்பு வேகவைத்து, பகல் முழுவதும் அடுப்பின் அனலில் நின்று, கடைசி ஆளும் உண்டு எழுந்தபின் தாம் உண்ண உட்காருகின்ற அந்த வீட்டுப் பெண்மணிக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. அவர் உழைப்புக்கு நியாயமான கூலி போட்டால் அந்தச் சாப்பாட்டின் விலை வேறாக இருக்கும். மலிவைப் புகழ்கின்ற நாம் இதை மறந்துவிட்டுப் பேசுவது தர்மம் ஆகாது. மெஸ் நடத்துகிற தம்பதியின் பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகத்துக்குப் போவதையும், அதோடு அந்தக் கடை மூடப்படுவதையும் நாம் எத்தனையோ ஊர்களில் பார்த்துவருகிறோம். அதற்காக அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நாள்தோறும் வருகிறவரை எண்ணி நியாய விலையில் சோறு போடுவது நமக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று; ஜப்பான் தேசத்து நகரங்களில் மதிய உணவு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். செலவு மிகுந்த தேசம் என்று பெயர் பெற்ற அந்நாட்டில், அலுவலகங்கள் நிறைந்த தெருக்களில் உள்ள சிறு காப்பிக் கடைகளும் சோற்றுக் கடைகளும், பகல் வேளைக்கென்று ஒரு சோறு, ஒரு சூப்பு, ஒரு மீனோ இறைச்சியோ, சிறிது ஊறுகாய் என்று கூட்டி, அதற்கு ஒரே விலை வைத்துக் கொடுக்கின்றன. நாளுக்கு ஒரு பதார்த்தமாக மாறுகின்ற அந்தச் சாப்பாட்டை ஒற்றை நாணயத்தில் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம், 1982-இல் 500 யென் நாணயம் புழக்கத்துக்கு வந்த பிறகு காலக்கிரமத்தில் அங்கே வேரூன்றியது. கடை வாசலில், மெழுகாலும் பிளாஸ்டிக்காலும் செய்த உணவு உருவங்களை விலைச்சீட்டோடு அடுக்கி வைப்பதும், தண்ணீருக்கோ தேநீருக்கோ பல கடைகளில் காசு வாங்காததும், இனாம் எதிர்பாராததும் அந்நாட்டு வழக்கங்கள். பல ஊர்களில் நகரசபைக் கட்டடத்துக்குள் இருக்கும் ஊழியர் உணவகத்தில் வெளியாரும் சென்று உண்ணலாம்.

நகோயாவுக்கு அருகிலுள்ள இச்சினோமியா என்ற நெசவு நகரத்தைப் பற்றிக் கூறப்படுவது இன்னும் ரஸமானது. 1950-களில், தறிகளின் இரைச்சலுக்கு இடையே வியாபாரம் பேச இயலாமல், ஆலைக்காரர்கள் தினமும் காப்பிக் கடைகளுக்கு வந்து உட்கார்ந்தார்களாம். நாள்தோறும் வருகிறவர்களை மகிழ்விக்க எண்ணிய கடைக்காரர்கள், காப்பியின் விலைக்குள்ளேயே வேகவைத்த முட்டையும் வேர்க்கடலையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்களாம். அது வளர்ந்து, காலைக் காப்பியோடு ரொட்டியும் முட்டையும் இலவசமாகக் கிடைக்கின்ற வழக்கமாக அப்பிரதேசம் எங்கும் நிலைத்துவிட்டது. அங்கேயும் காரணம் அதுவே: மறுநாளும் வருகிறவர்.

உளுந்தூர்பேட்டை மெஸ்ஸின் இலையில் விழுகின்ற சோற்றுக்கும் ஜப்பானுக்கும் ஓர் உறவு உண்டு என்றால் சிலர் வியப்படையக்கூடும். தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் மதிப்போடு வழங்குகின்ற பொன்னி அரிசியின் பூர்வீகம் தாய்ச்சுங் 65, மயாங் எபோஸ் 80 என்ற இரண்டு நெல் வகைகளின் கலப்பு. முதலாவது, தைவான் தீவு ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது ஜப்பானிய நெல்லினத்திலிருந்து அங்கே உருவாக்கப்பட்டது. இரண்டாவது மலேயாவின் நெல். இக்கலப்பில் பிறந்து, 1965-இல் மலேசியாவில் மசூரி என்ற பெயரோடு வெளிவந்த நெல்லின் வழியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் திருத்திய வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. இதே மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்கள் சாமையும் தினையும் வரகும் உண்டு வாழ்ந்த காலத்தில், இந்தச் சமவெளியின் உணவு இப்படி மூன்று தேசங்களின் வழியே வந்து சேரும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

உணவை விலைக்கு விற்பதே நம் முன்னோர்களுக்கு உவப்பான காரியமாக இருக்கவில்லை. பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே பசித்து வந்தவரை யார் என்று கேட்பதும் இல்லை. அது அன்னதானத்தின் சிகரம். அரசாங்கமும் தன் பங்குக்கு, 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகத்தைத் திறந்து, இட்லி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும், தயிர் சாதம் மூன்று ரூபாய்க்கும் வழங்க ஏற்பாடு செய்தது. இவை இரண்டும் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் பட்டினி கிடந்திருப்பார்கள். ஆயினும், தன் கையிலிருந்து காசை எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டு, குழம்பில் உப்புக் குறைவு என்று உரக்கச் சொல்லுகின்ற சுதந்திரம், விலை கொடுத்து உண்கிறவருக்கே உரியது. அந்தச் சுதந்திரம் கூலியாளுக்கும் எட்டுகின்ற விலையில் கிடைக்க வேண்டும் என்பதுதான் நான் வற்புறுத்த விரும்புவது.

பக்கத்தில் உட்கார்ந்து உண்பதற்கே போராட வேண்டியிருந்த தேசம் இது என்பதையும் இங்கே மறக்கலாகாது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று இருந்த பிரிவினை, பெரியாரின் கிளர்ச்சியின் பயனாக 1941-இல்தான் இங்கே ஒழிந்தது. உணவு விடுதிகளில் ஜாதியைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு விதித்தது. இன்று ஒரே பெஞ்சியில் பக்கம் பக்கமாக விரிக்கப்படுகின்ற இலைகளுக்குப் பின்னே இத்தனை பேருடைய பிரயாசை இருக்கிறது.

இனி, மறுநாள் வராதவருக்கு, அதாவது பிரயாணிக்கு, என்ன வழி? தூரப் பேருந்துகள் எந்த உணவகத்தில் நிற்க வேண்டும் என்பதை அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஒப்பந்தத்தின் மூலம் தீர்மானிக்கின்றன. இறங்கிய பிரயாணி வேறு கடைக்குப் போக முடியாது, சுற்றிலும் வயல்தான். இப்படிப்பட்ட ஓரிடத்தில், குழந்தையோடு இறங்கிய ஒரு தாய் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு பிஸ்கெட் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இது தவிர்க்க முடியாத விதி அன்று. ரயில்வே நிர்வாகம் 2023-இல், முன்பதிவில்லாப் பெட்டிகள் வந்து நிற்கின்ற இடத்துக்கு நேராகவே கடை வைத்து, பூரியும் உருளைக்கிழங்கும் கொண்ட பொட்டலத்தை 20 ரூபாய்க்கு விற்கத் தொடங்கிற்று. ரயிலில் இயலுமாயின் பேருந்திலும் இயலும். ஊரின் பேருந்து நிலையத்துக்குள் ஓரிரு கடைகளைக் குறைந்த வாடகைக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்து, சமைக்கிற பெண்களுக்குக் கூலியும் சேர்த்துக் கணக்கிட்ட விலையில் பகல் சாப்பாடு போடச் செய்வது நகராட்சியால் ஆகக்கூடிய காரியமே. நெடுஞ்சாலையில் பேருந்தை நிறுத்தும் உரிமை பெறுகின்ற உணவகமோ, விலைப்பட்டியலை மாட்டுவதோடு நில்லாமல், கழகம் நிர்ணயித்த விலையில் ஓர் அளவுச் சாப்பாட்டை எந்த வேளையிலும் இல்லை என்னாமல் கொடுத்தாக வேண்டும். அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது அதற்கென ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளலாம்; புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.