எட்டு மணி நேரத்துக்கு ஒரு தெரு

விமானம் மாறுவதற்காக ஓர் அயல்நாட்டு நகரத்தில் ஏழெட்டு மணி நேரம் தங்க நேர்ந்து, உடன் பிள்ளைகளும் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கிடைத்த நேரத்துக்குள் ஊர் முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் நம்மில் பெரும்பாலோருக்கு ஆசை எழும். எனக்கும் எழுந்தது. அதன் விளைவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024ஆம் ஆண்டு மே மாதப் பள்ளி விடுமுறையில், பெர்த் நகரில் வாழும் மைத்துனர் வீட்டுக்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் புறப்பட்டோம். நான், என் துணைவியார், 11 வயது மகள், 6 வயது மகன். சிங்கப்பூரில் எட்டு மணி நேர இடைவெளி இருந்தது. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையில் தொடங்கி லிட்டில் இந்தியா வரை ஆறு இடங்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மூன்றாவது இடத்திலேயே மகளின் குதிகாலைச் செருப்புக் கடித்துவிட்டது. மகனோ என் தோளில் தூங்கிவிட்டான். அவன் கண்ட சிங்கப்பூர் என் சட்டைக் காலர் மட்டுமே. அஸர் தவறிவிடுமோ என்ற பதைப்பில் விமான நிலையம் திரும்பி, அங்குள்ள தொழுகை அறையைத் தேடி ஓடி, விமான வாயிலை அடைந்தபோது கடைசி ஆட்கள் நாங்கள்தாம். "என்னம்மா பார்த்தாய்?" என்று மகளிடம் கேட்டேன். "ரயில்" என்றாள்.

ஒரே நாளில் ஐந்து பாடம் நடத்தினால் ஒன்றும் மனத்தில் தங்காது என்று மதரஸாவில் இளம் ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்பவன் நான்!

திரும்பும் பயணத்திலும் அதே எட்டு மணி நேரம். இம்முறை தாள் என் கையில் இல்லை. "ஒரே ஒரு தெரு போதும். உங்கள் பாட்டனார் இருந்த பக்கம் போவோம்" என்று துணைவியார் சொல்லிவிட்டார்.

தஞ்சை, நாகைப் பகுதி முஸ்லிம் குடும்பங்களில் 'சபர்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அரபியில் அது எந்தப் பயணத்தையும் குறிக்கும். நம் வீடுகளில் அது மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆண்கள் பொருள் தேடிப் போனதையே குறித்தது. என் பாட்டனார் 1936இல், கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டு, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். நாணய மாற்றுக் கடை ஒன்றில் கணக்கெழுதினார். மறு ஆண்டு என் அத்தா பிறந்த செய்தி அவருக்குத் தபாலில்தான் போயிற்று. யுத்தம் நெருங்கிய 1941இல் ஊர் திரும்பியபோது மகனுக்கு வயது நான்கு. இவ்வளவும் என் பிள்ளைகள் பலமுறை கேட்டதுதான். கேட்கும்போதெல்லாம் கொட்டாவி விட்டதும் உண்டு.

நேரக் கணக்குக்கு வருவோம். எட்டு மணி நேரம் என்பது எட்டு மணி நேரமன்று. குடிநுழைவுச் சோதனை முடித்து வெளியே வர ஒரு மணி. சாங்கி நிலையத்தில் எம்.ஆர்.டி. ரயிலேறி, எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் தடத்துக்கு மாறி, தெலுக் ஆயர் சேர ஏறக்குறைய ஒரு மணி. திரும்ப ஒரு மணி. புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஆக, ஊருக்குள் உங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் முதல் முறை ஆறு இடங்களை எழுதினேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசா வைத்திருந்து, அந்நாட்டுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இறங்குவோருக்கு 96 மணி நேரம் வரை விசாவின்றித் தங்கச் சலுகை உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. டிக்கெட் எடுக்குமுன்பே விசாரித்துக் கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். பெட்டிகள் நேரே அடுத்த விமானத்துக்குப் போகுமா என்பதைப் புறப்படும் ஊரிலேயே கேளுங்கள். போகாதெனில் சாங்கியில் கட்டணத்துக்குப் பொருள் காப்பகம் இருக்கிறது. ரயிலுக்குள் உண்ணவோ பருகவோ கூடாது. 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. பிள்ளைகளுக்கு இதை ரயிலேறுமுன் சொல்லிவிடுங்கள். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த பிறகு சொல்வது பெரும்பாடு.

தெலுக் ஆயர் தெருவில் நின்று மகனிடம், "இதுதான் அந்தக் காலத்துக் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் இங்கேதான் கால் வைத்தார்கள்" என்றேன். அவன் இரு பக்கமும் பார்த்தான். வானளாவிய கட்டடங்கள், கார்கள். "கடல் எங்கே அத்தா?" என்றான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்துவிட்டார்கள் என்றேன். அவன் நம்பவில்லை. என் பாட்டனார் வந்தபோதே கடல் விலகிப் போயிருந்தது என்றதும் இன்னும் சந்தேகமாயிற்று. தெலுக் என்றால் மலாயில் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர் என்று மகள் பெயர்ப் பலகையைக் காட்டி வாதாடினாள்.

அத்தெருவில் முதலில் நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த கட்டடம். நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாகக் கட்டப்பட்டது, அடக்கவிடம் இங்கில்லை. தர்காக்களைப் பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை நான் இங்கே கிளறப் போவதில்லை. 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை வெள்ளையர் 'சூலியா' என்று அழைத்தார்கள். படகோட்டிகளாகவும் நாணயம் மாற்றுவோராகவும் சிறு வணிகர்களாகவும் அவர்கள் பிழைத்தார்கள். நாகூரில் பார்த்த மினாராக்களைச் சிறு உருவில் இங்கே கண்டதும் மகள் வாயடைத்து நின்றாள்.

அடுத்து 1839 முதல் 1842 வரை கட்டப்பட்ட சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில். கடல் கடந்து உயிரோடு கரை சேர்ந்தோர் நன்றி செலுத்திய இடம் அது. அதே தெருவில் இன்னும் சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஓலைக் கொட்டகையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். சிங்கப்பூரின் நடுவே நம்மூர்ச் சொல்! இன்றுள்ள கட்டடம் 1850களில் எழுந்தது. அங்கே லுஹரை ஜமாஅத்துடன் தொழுதோம். பயணிகளாதலால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸரையும் கஸ்ராக்கிச் சேர்த்துத் தொழுதுகொண்டோம். முதல் பயணத்தின் பதைப்பு இம்முறை இல்லை. ஹனஃபி சகோதரர்கள் அஸர் நேரத்தையும் கணக்கில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இடையில் மழை பிடித்துக்கொண்டது. பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரையிட்ட நடைபாதை தொடர்ந்து வருவதால் பெரும்பாலும் நனையாமலே நடந்தோம். ஹலால் முத்திரை பார்த்து ஒரு கடையில் சோறு. அந்த முத்திரையை வழங்குவது 'முயிஸ்' என்னும் இஸ்லாமிய சமய மன்றம்.

சவுத் பிரிட்ஜ் சாலை பத்து நிமிட நடை. அங்கே ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், 1826இல் நிறுவப்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1830களில் எழுந்தது. இருபுறமும் எண்கோண மினாராக்கள். ஏழு அடுக்குகளை மகன் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தோம், அவசரமில்லையே! வாசல் சாலையைப் பார்த்திருக்க, தொழுகைக்கூடம் மட்டும் கிப்லாவை நோக்கிச் சாய்ந்து நிற்பதை மகளே கண்டுபிடித்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாட்டனார் வெள்ளிக்கிழமைதோறும் தொழுத பள்ளி இதுதான் என்பது எங்கள் வீட்டு வழக்கு. உள்ளே தரையில் உட்கார்ந்தோம். மகள் மெல்லக் கேட்டாள்: "அவர் ஊருக்குத் திரும்பியபோது அப்பாவுக்கு அடையாளம் தெரிந்ததா?" பிள்ளைகள் என் அத்தாவை 'அப்பா' என்பார்கள். பலமுறை சொன்ன கதையில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. தெரியவில்லை, தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம், இரண்டு நாள் பக்கத்திலேயே வரவில்லையாம் என்றேன். அவள் பேசவில்லை. மகன் எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்தான்.

அருகிலேயே சைனாடவுன் நிலையம், அதே டவுன்டவுன் தடம். வந்த வழியே நடக்க வேண்டியதில்லை. விமான வாயிலில் நாற்பது நிமிடம் மிச்சமிருந்தது. ஊர் வந்த மறுநாள் மதரஸா வாசலில் மகன் தன் தோழர்களிடம், சிங்கப்பூரில் கடலை மூடிக் கடை கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் நம்பவில்லை.