மூலம்தானே என்று விட்டுவிடலாமா?

மாவ்பி தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறோம். இரவுச் சாப்பாடு நூடுல்ஸும் சொசேஜும். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று வெட்கத்தில் மறைக்கிறோம். எங்கள் வரிசையில் ஒரு தம்பி எட்டு மாதம் மறைத்தார்.

குடல் புற்றுநோய் வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் அந்த நோயால் இறந்தபோது வயது 43. பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் தின்றால் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது.

பருப்பு, கீரை, சுண்டல் நமக்குப் புதிதல்ல, நார்ச்சத்து அவற்றில்தான். குடியையும் சிகரெட்டையும் விடுவோம், தினமும் நடப்போம். இரத்தம் போனாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ, வயது பாராமல் டாக்டரிடம் காட்டுவோம். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம். வெட்கத்தைவிட உயிர் பெரிதல்லவா?